ஏலப்புழுவுக்குத் தனிப் பேர் வந்த வரலாறு

தேவாரத்துல ஏலம் விளையாது. ஆனா ஏலத்தை நம்பிப் பொழைக்கிற ஊர்தான் தேவாரம். ஊருக்கு மேற்கே நிமிர்ந்து பார்த்தா தெரியுற மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்துல, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஏலத்தோட்டம். கம்பம், கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், போடின்னு இந்தப் பள்ளத்தாக்கு ஊர்கள்ல இருந்து பொழுது விடியறதுக்கு முந்தியே ஜீப்புல ஆளுக ஏறிப் போவாங்க. கம்பம்மெட்டு வழியாவும் போகலாம், போடிமெட்டு வழியாவும் போகலாம். எங்க ஊருக்கு நேர் மேலே சாக்கலூத்து மெட்டுன்னு ஒண்ணு இருக்கு. அது வழியா ரோடு போட்டா தூரம் பாதியா குறையும்னு கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை வயசாயிருச்சு.

மலையில பறிச்ச காய், ஸ்டோர்ல காஞ்சு, மூட்டையா கீழே போடிக்கு வரும். அங்க ஏலக்காய்க்கு ஏலம் நடக்கும். சென்னையில பிரியாணி சாப்பிடும்போது பல்லுல கடிபட்டு நீங்க தூக்கிப் போடுற அந்தக் காய்க்குப் பின்னாடி, இத்தனை ஊர் ஆளுகளோட பொழப்பு இருக்கு.

அந்தக் காயைத் திங்கிற இன்னொரு ஆள் இருக்கு. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றவங்ககிட்ட கேட்டா அடையாளம் சொல்லுவாங்க. தட்டைக்கு நடுவுல இருக்கிற குருத்து மட்டும் மஞ்சளாகி காஞ்சு நிக்கும். தட்டையில சின்ன ஓட்டை. ஓட்டை வாயில ரம்பத்தூள் மாதிரி ஈரமான கழிவு. பிளந்து பார்த்தா உள்ளே வெளிறின ரோஸ் நிறத்துல, உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி வச்ச ஒரு புழு. இதே புழு காயிலயும் ஓட்டை போட்டு உள்ளே இருக்கிற அரிசியைத் தின்னுட்டு வெறும் கூட்டை விட்டுட்டுப் போயிரும். வேளாண்துறை வச்சிருக்கிற பேர் 'தண்டு மற்றும் காய்த்துளைப்பான்'.

இப்ப கீழே எங்க காட்டுக்கு வாங்க. பருத்தி, சோளம், மக்காச்சோளம் போடுற காட்டுல வரப்பு ஓரமா ஆமணக்கு நிக்கும். குலை முத்தும்போது பாருங்க, காய்க்கும் காய்க்கும் நடுவுல நூலாம்படை கட்டி, கழிவு ஒட்டி, உள்ளே ஒரு புழு. அதே ரோஸ் நிறம், அதே புள்ளி. அது அந்துப்பூச்சியா வெளியே வரும்போது மஞ்சள் றெக்கை, றெக்கை முழுக்கக் கறுப்புப் பொட்டு. விரிச்சு அளந்தா ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர். மலையில ஏலத்துல இருந்து வர்ற பூச்சியும் அச்சு அசலா அப்படியேதான் இருக்கும்.

அப்ப ரெண்டும் ஒண்ணா? கீழே ஆமணக்குல வளர்ந்தது மேலே ஏறிப் போய் ஏலத்தைத் துளைக்குதா? கேட்கச் சின்னக் கேள்விதான். விஞ்ஞானம் இந்தப் பூச்சிக்கு முதல் பேர் வச்சது 1854ல. சரியான பதில் அச்சுல வந்தது 2018ல. நடுவுல 164 வருஷம்.

முதல்ல பேர் வைக்கிற முறையைச் சொல்லிடறேன். உயிரினம் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சொல்லுல பேர். முதல் சொல் பேரினம், அதாவது குடும்பப்பேர் மாதிரி. ரெண்டாவது சொல் அந்தக் குடும்பத்துக்குள்ள இந்த ஆள் யாருங்கிறது. 1758ல ஸ்வீடன்காரர் லின்னேயஸ் அந்துப்பூச்சிகளுக்குப் பேர் வைக்கும்போது ஒரு வழக்கம் கொண்டு வந்தார். சில கூட்டங்களுக்குப் பேரோட வால் ஒரே மாதிரி முடியணும். நம்ம பூச்சி இருக்கிற கூட்டத்துக்கு வந்த வால் 'ஆலிஸ்'. பேரைக் கேட்டாலே எந்தக் கூட்டம்னு தெரிஞ்சிரும்.

1854ல அந்த வழக்கத்தை வச்சுத்தான் அஷீல் கெனே பேர் வச்சார். அவர் பிரான்ஸ் நாட்டு வக்கீல். பூச்சி சேர்க்கிறதுல பைத்தியம். அவர் வச்ச பேர் 'அஸ்டுரா பங்ட்டிஃபெராலிஸ்'. ரெண்டாவது சொல்லுக்கு அர்த்தம் 'புள்ளி சுமக்கிறது'. பார்த்ததை அப்படியே சொன்ன பேர். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தக் காலத்துல பேர் வைக்கிறவர் மேசைக்கு வந்து சேர்றது ஊசியில குத்தின காஞ்ச பூச்சி. கூட ஒரு சின்னச் சீட்டு. அதுல நாட்டுப்பேர் இருக்கும், பிடிச்சவர் பேர் இருக்கும். அது புழுவா இருந்தப்ப எந்தச் செடியைத் தின்னுச்சுங்கிறது பெரும்பாலும் இருக்காது. ராத்திரி விளக்குக்கு வந்த பூச்சியைப் பிடிச்சவருக்கு அது எப்படித் தெரியும்? இந்தக் கதையில பின்னாடி வந்த குழப்பம் முழுக்க அந்தச் சீட்டுல விட்டுப்போன ஒரு வரியில இருந்து வந்ததுதான்.

அடுத்து பேரினம் மாறி மாறி வந்துச்சு. 1863ல ஆஸ்திரியாக்காரர் லெடரர் 'டைக்கோக்ரோசிஸ்'னு ஒரு பேரினம் வகுத்தார். 1884ல எட்வர்ட் மெய்ரிக் 'கோனோகீதஸ்'னு இன்னொண்ணு வகுத்தார். மெய்ரிக் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இங்கிலாந்துல இருந்து போய் ஆஸ்திரேலியாவுல சில வருஷம் பாடம் நடத்தினவர். சாயங்காலமும் லீவு நாளும் பூச்சி. வாழ்நாள்ல ஆயிரக்கணக்கான சிற்றந்துகளுக்குப் பேர் வச்சவர். அவர் ஆஸ்திரேலியப் பூச்சிகளை அடுக்கும்போது, மஞ்சள் றெக்கை கறுப்புப் பொட்டுக் கூட்டம் தனி வீடுன்னு பார்த்தார். இன்னைக்கு உலகம் பூரா ஒத்துக்கிட்டது அவர் வகுத்த கோனோகீதஸைத்தான்.

ஆனா நம்ம நாட்டுல அந்தப் பேர் வர ரொம்ப நாளாச்சு. காரணம் ஜார்ஜ் ஹாம்ப்சன். நீலகிரியில தேயிலைத் தோட்டம் வைக்க வந்த வெள்ளைக்காரர். தோட்டத்துல தேயிலையை விட அந்துப்பூச்சி மேல கண்ணு. ஊர் திரும்பினதும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல சேர்ந்து, இந்திய அந்துப்பூச்சிகளைப் பத்தி நாலு பாகம் எழுதினார். 1892ல ஆரம்பிச்சு 1896ல முடிச்சார். நாலாம் பாகத்துல நம்ம பூச்சியை டைக்கோக்ரோசிஸ் வீட்டுல சேர்த்தார். இந்தியாவுல பூச்சி பார்க்கிற எல்லாருக்கும் அந்த நாலு பாகம்தான் வேதம். 1914ல சென்னை மாகாணத்துக்காக ஃபிளெட்சர் எழுதின தென்னிந்தியப் பூச்சிகள் புத்தகமும், 1940ல ராமகிருஷ்ண அய்யர் எழுதின கையேடும் அந்த அடிப்படையில வந்தவை. ஃபிளெட்சர் முன்னாடி கப்பற்படையில சம்பளக் கணக்கு பார்த்தவர். ராமகிருஷ்ண அய்யர் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில இருந்தவர். வேளாண் கல்லூரியில படிச்ச பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, இன்னமும் 'டைக்கோக்ரோசிஸ்'னுதான் சொல்லுவாங்க.

இதுல ஒரு விசித்திரம் நடந்துச்சு. விவசாயத்துறைப் புத்தகம் எழுதினவங்க செடியைப் பார்த்தவங்க. எந்தெந்தச் செடியில இந்தப் புழு இருக்குன்னு எழுதிக்கிட்டே வந்தாங்க. ஆமணக்கு, ஏலம், இஞ்சி, மஞ்சள், கொய்யா, மா, மாதுளை, கொக்கோன்னு பட்டியல் நீண்டுச்சு. ஆனா எல்லாத்துக்கும் தலைப்பு ஒரே பேர். எதையும் தின்னும், எங்கேயும் வாழும் ஒரே பூச்சின்னு ஆயிருச்சு.

உலக வரைபடத்துல பார்த்தாலும் அப்படித்தான் இருந்துச்சு. இந்தியா, இலங்கையில ஆரம்பிச்சு பர்மா, மலேயா, இந்தோனேசியா, நியூ கினி வழியா ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரு கிளை. வடக்கே சீனா, கொரியா, ஜப்பான் வரைக்கும் இன்னொரு கிளை. பேரினம் என்னவோ வெயில் நாட்டுப் பேரினம்தான். அதுல இந்த ஒரு இனம் மட்டும் பனி பெய்யிற ஜப்பான்லயும் இருக்கு, வெயில் கொளுத்துற ஆமணக்குக் காட்டுலயும் இருக்கு. அங்கே பீச் பழம், கஷ்கொட்டை. இங்கிலீஷ்ல இதுக்குப் பேரே மஞ்சள் பீச் அந்து. தேவாரத்துல பீச் பழத்தை எவன் பார்த்தான்?

சந்தேகம் முதல்ல பலமா வந்தது ஜப்பான்லதான். அங்க பழமரத்துல இருக்கிறது ஒண்ணு, பைன் மரத்து இலையை நூலால கட்டித் திங்கிறது ஒண்ணு. பார்க்க ஒரே ஜாடை. முதல்ல 'பழ வகை', 'பைன் வகை'ன்னு ஒரே பேருக்குள்ள பிரிச்சு வச்சாங்க. பழத்துல வளர்ந்ததுக்குப் பைன் ஊசி இலையைக் கொடுத்தா ஒத்து வரலை. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்றதும் இல்லை. கடைசியில 2006ல இனோவே, யமனாக்கா ரெண்டு பேரும் பைன் வகைக்குத் தனி இனமாவே பேர் வச்சாங்க. 'கோனோகீதஸ் பினிகோலாலிஸ்', பைன் மரத்துல குடியிருக்கிறதுன்னு அர்த்தம். இந்தத் தடவை செடியோட பேரே பூச்சிப் பேருக்குள்ள வந்துருச்சு.

அப்ப நம்ம ஏலப்புழுவும் ஆமணக்குப் புழுவும்? 'செடி வேறன்னா புழு வேற, இது எங்களுக்குத் தெரியாதா'ன்னு விவசாயி சொல்லலாம். ஆனா அதுவும் முழு உண்மை இல்லைங்க. தக்காளியில ஓட்டை போடுற பச்சைப்புழு, பருத்திக் காயைக் குடையிற புழு, துவரைக் காய்க்குள்ள தலையை விட்டுக்கிட்டு வாலை வெளியே காட்டுற புழு, இந்த மூணும் ஒரே பூச்சி. பேர் ஹெலிகோவெர்பா. நாமதான் செடிக்கு ஒரு பேர் சொல்லிப் பிரிச்சு வச்சிருக்கோம். மியூசியத்துக்காரர் றெக்கையைப் பார்த்து ரெண்டை ஒண்ணாக்குவார். நாம செடியைப் பார்த்து ஒண்ணை மூணாக்குவோம். ரெண்டு கண்ணும் போதாது. சோதிச்சுத்தான் பார்க்கணும்.

சோதனைக்குக் கருவி 2003ல வந்துச்சு. கனடாவுல பால் ஹெபர்ட்ங்கிறவர் ஒரு வழி சொன்னார். எல்லாப் பிராணிக்கும் உடம்புச் செல்லுல ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கு. அதுல சுமார் 650 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்துப் படிச்சா, கடையில பில் போடுற பார்கோடு மாதிரி இனத்துக்கு இனம் மாறி இருக்கும். புழுவா இருந்தாலும் சரி, றெக்கை உதிர்ந்த பூச்சியா இருந்தாலும் சரி, ஒரு கால் போதும்.

இந்தியாவுல சஷாங்க், சக்கரவர்த்தி முதலான பூச்சியியல் ஆராய்ச்சியாளர்கள் ஏலத்துல இருந்தும் ஆமணக்குல இருந்தும் புழு எடுத்து அப்படிப் படிச்சுப் பார்த்தாங்க. 2014ல முடிவு வந்துச்சு. ரெண்டு செடிப் பூச்சிக்கும் நடுவுல பெரிய இடைவெளி. ஒரு பேருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ரெண்டு இனம். அதோட விடலை. இனம்னு சொல்லணும்னா மரபணு மட்டும் போதாது, உடம்புலயும் காட்டணும். அந்துப்பூச்சியில அதுக்கு நம்பகமான இடம் வயித்தோட நுனி, இனச்சேர்க்கை உறுப்பு. பூட்டும் சாவியும் மாதிரி ஒவ்வொரு இனத்துக்கும் தனி அமைப்பு. வயித்தை வெட்டி, காரத்துல ஊறவச்சு சதையைக் கரைச்சு, மைக்ராஸ்கோப் அடியில வச்சுப் பார்ப்பாங்க. இந்தப் பூச்சிக் கூட்டத்துல கைதேர்ந்த ரிச்சர்ட் மேலியும், வாசுதேவ் கம்மாரும் கூட சேர்ந்தாங்க. 2018ல நாலு பேரும் சேர்ந்து ஏலத்துல இருக்கிறது தனி இனம்னு எழுதினாங்க. வச்ச பேர் 'கோனோகீதஸ் சஹ்யாத்ரியென்சிஸ்'. சஹ்யாத்ரின்னா மேற்குத் தொடர்ச்சி மலை. லின்னேயஸ் காலத்து 'ஆலிஸ்' வால் இதுல இல்லை. அதுக்குப் பதிலா நம்ம மலை இருக்கு.

எனக்கு இது பொருத்தமாப்பட்டுச்சு. ஏலம் வேற எங்கேயோ இருந்து வந்த செடி இல்லை. இந்த மலையோட மழைக்காட்டுச் செடி. மரத்து நிழல்ல தானா முளைச்சுக் கிடந்ததைத்தான் முதல்ல காட்டுல இருந்து பொறுக்கிட்டு வந்தாங்க. அப்புறம்தான் தோட்டம், எஸ்டேட், ஸ்டோர் எல்லாம். சுமார் 600 மீட்டருக்கு மேல, மழையும் நிழலும் இருக்கிற இடத்துலதான் அது செழிக்கும். மனுசன் மாநில எல்லைக் கோட்டை மலை உச்சியில போட்டான். இந்தப் பூச்சியோட எல்லையைச் செடியும் உயரமும் போட்டிருக்கு. தேவாரத்து வரப்புல ஆமணக்குக்குள்ள இருக்கிறவன் வேற ஆள்.

'சரி, பேர்ல என்ன இருக்கு, எந்தப் பேர்னாலும் மருந்து அடிச்சாச் சாகப்போகுது'ன்னு கேக்கலாம். மூணு விஷயத்துல இருக்கு.

ஒண்ணு, இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்து ராத்திரியில ஒரு வாசனை விடும். ஆண் அதை மோப்பம் பிடிச்சு வரும். அந்த வாசனையைச் செயற்கையா செஞ்சு ரப்பர் குமிழ்ல ஊறவச்சுப் பொறியில வச்சா ஆண் பூச்சி வந்து மாட்டும். மஞ்சள் பீச் அந்தோட வாசனையில என்ன இருக்குன்னு ஜப்பான்ல 1982லயே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா இந்த வாசனையில ரெண்டு சரக்கு கலந்திருக்கும். எவ்வளவுக்கு எவ்வளவுங்கிற விகிதம்தான் சாவி. ஒரு இனத்துக்கான விகிதத்தை இன்னொரு இனம் கண்டுக்காமப் போயிரலாம். பீச் மரத்துப் பூச்சிக்குச் செஞ்ச குமிழை ஏலத்தோட்டத்துல தொங்கவிட்டுட்டு, ஒண்ணும் விழலையே, அப்ப பூச்சி இல்லைன்னு நெனச்சா நஷ்டம் நமக்குத்தான்.

ரெண்டாவது, எதிரிப் பூச்சி. இதுக்கு நம்ம தமிழ்நாட்டுக்காரங்க கண்ணால பார்த்த உதாரணம் மரவள்ளி மாவுப்பூச்சி. இது தென் அமெரிக்காவுல இருந்து 1970கள்ல ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியை அழிச்சுச்சு. அதோட எதிரியைத் தேடிப் போனவங்க, முதல்ல ஜாடையில ஒத்த வேற ஒரு மாவுப்பூச்சியைத்தான் பிடிச்சாங்க. அதுல இருந்த குளவி ஆப்பிரிக்காவுல வேலைக்கு ஆகலை. அது வேற இனம்னு புரிஞ்சு, 1981ல பராகுவேயில சரியான பூச்சியைக் கண்டுபிடிச்ச பிறகுதான் சரியான குளவி கிடைச்சுச்சு. ஜனங்களோட சோறு பொழைச்சுச்சு. 2020 வாக்குல அதே மாவுப்பூச்சி நம்ம சேலம், நாமக்கல் பக்கம் வந்தப்ப, பேரைச் சரியாக் கண்டதால அதே குளவியை ஆப்பிரிக்காவுல இருந்து வரவழைச்சு 2022ல விட முடிஞ்சுச்சு. பேர் சரியா இருந்ததால நமக்கு அத்தனை வருஷத் தேடல் மிச்சம்.

மூணாவது, மருந்து. இதுதான் எங்க ஊருக்கு நெருக்கமானது. புழு தட்டைக்குள்ள புகுந்த பிறகு வெளியே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. முட்டையில இருந்து வந்த இளம்புழு வெளியே சுத்துற சில நாள்தான் வாய்ப்பு. அதனாலதான் தோட்டத்துல அந்துப்பூச்சி தென்பட ஆரம்பிச்ச 15, 20 நாளுக்குள்ள அடிக்கணும்னு ஏல ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. தட்டை, சரம், காய் வர்ற பருவத்தை ஒட்டியே பூச்சியும் பெருகும். அப்படின்னா பூச்சி எப்ப வருதுன்னு கவனிக்கிறவருக்கு ஒரு அடி போதும். கவனிக்காதவர் காலண்டரைப் பார்த்து மாசாமாசம் அடிப்பார். அந்த டேங்கைத் தோள்ல சுமக்கிறது யாரு? விடியக்காலை ஜீப்புல போன நம்ம ஊர் ஆளு. முகத்துல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு, இலைக்கு மேல அடிச்சது தன் மேலேயே சொட்டச் சொட்ட அடிப்பார். மிச்சம் காயோட ஒட்டிக்கிட்டு உங்க வீட்டு டீக்கு வரும்.

ஆமணக்குப் பூச்சியும் ஏலப் பூச்சியும் ஒண்ணுன்னு இருந்த வரைக்கும், ஆமணக்குல எழுதின கணக்கை ஏலத்துக்கும் வாசிச்சாங்க. எத்தனை நாள்ல முட்டை பொரியும், எந்த மாசம் அதிகம், என்ன வாசனைக்கு வரும்னு ஒண்ணோட தகவல் இன்னொண்ணுக்குப் போச்சு. இப்ப ஏலப்பூச்சிக்குன்னு தனிக் கணக்கு எழுத வழி பிறந்திருக்கு. இடுக்கியில மைலாடும்பாறையில ஏலத்துக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் 1978ல இருந்து இருக்கு. பாம்பாடும்பாறையில கேரள வேளாண் பல்கலைக்கழக நிலையம் இருக்கு. ரெண்டும் ஏலத்தோட்டத்துக்கு நடுவுலயே இருக்கு.

ஆனா பேர் மாறின சேதி கீழே இறங்கி வர நேரமாகும். கையேடுகள் பலதுல இன்னும் பங்ட்டிஃபெராலிஸ்தான் இருக்கு, சிலதுல டைக்கோக்ரோசிஸே இருக்கு. மலையில தோட்டம் வச்சிருக்கிற நண்பர்கள், குத்தகைக்கு எடுத்துச் செய்யிற நம்ம பள்ளத்தாக்கு ஆளுக, யாராவது இதைப் படிச்சா ஒண்ணு செய்யுங்க. பொறிக்குக் குமிழ் வாங்கும்போது, இது எந்தச் செடியில இருந்த பூச்சிக்குச் சோதிச்சதுன்னு கேளுங்க. பதில் 'ஏலம்'னு வந்தா வாங்குங்க. வேற பதில் வந்தா, ரெண்டு பொறியை மட்டும் வச்சுப் பார்த்துட்டு மிச்சத்துக்குக் காசைக் கொடுங்க.